ஐந்தாவது எண்ணில் குறைந்த 258

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு அறிவியல் பக்கத்தில் செஸ் நிரல்களைப் பற்றி வந்த கட்டுரையில் ஒரு பூஜ்யம் விழுந்துவிட்டது. 1997இல் உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்த ஐபிஎம்மின் டீப் ப்ளூ கணினி, பலகையில் காய்கள் நிற்கக்கூடிய நிலைகளில் நொடிக்கு 2 கோடியைப் பார்த்தது என்று அச்சாகியிருக்கிறது. 20 கோடி என்பதே சரி. இது மட்டும் என்றால் ஒரே வரியில் எழுதிப் போட்டுவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் கட்டுரையாளர் கடைசிப் பத்தியில் ஒரு தீர்ப்பும் சொல்லியிருக்கிறார். செஸ் நிரலில் வேகம்தான் எல்லாமாம். நிரலைப் படிக்கத் தோதாக எழுதுவதும், எந்தக் கணினிக்குக் கொண்டுபோனாலும் ஓடும்படி எழுதுவதும் வேலையற்றவர்களின் ஆடம்பரமாம். அதற்குப் பதில் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

நான் இருபத்தாறு ஆண்டுகள் சம்பளத்துக்கு நிரல் எழுதியவள். ஓய்வுக்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே பொழுதுபோக்காக ஒரு செஸ் நிரலை எழுதிவருகிறேன், இன்றும் முடியவில்லை. அது எந்தப் போட்டியிலும் பரிசு வாங்கியதில்லை. ஒரே ஒரு நாள் தவிர, என்னை ஒவ்வொரு முறையும் தோற்கடித்திருக்கிறது. அதற்குப் பெரிய திறமை ஒன்றும் தேவையில்லை. ஆடம்பரம் என்று கட்டுரையாளர் சொல்லும் இரண்டையும் முதல் நான்கு ஆண்டுகள் நானும் அப்படியே நினைத்து ஒதுக்கினேன். அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். இடமில்லை என்று கத்தரி வைப்பதானால் மற்றதை வெட்டுங்கள், அடுத்து வரும் கதையை மட்டும் விட்டுவிடுங்கள்.

செஸ் பலகையில் 64 கட்டங்கள். இன்றைய கணினி ஒரே மூச்சில் கையாளும் எண்ணிலும் 64 பிட்கள், அதாவது ஒன்றோ பூஜ்யமோ ஆன 64 இலக்கங்கள். ஆகவே "வெள்ளைச் சிப்பாய்கள் எங்கெல்லாம் இருக்கின்றன" என்பதை ஒரே எண்ணில் எழுதிவிடலாம். இருக்கும் கட்டத்துக்கு ஒன்று, இல்லாத கட்டத்துக்குப் பூஜ்யம். இதைப் பிட்போர்டு என்போம். ஏ1 கட்டத்துக்கு 0, பி1க்கு 1, இப்படியே எண்ணிக்கொண்டு போனால் எச்8க்கு 63. அழகான ஏற்பாடு. வேகமானதும்கூட.

என் அக்கா மகன் ஒருவன் இருக்கிறான். என் நிரலை அவனுடைய விண்டோஸ் கணினியில் தொகுத்து (கம்பைல் செய்து) விளையாடிவிட்டு ஒருநாள் போன் செய்தான். "சித்தி, உங்க ப்ரோக்ராம் ஆன் பசான் எடுக்கவே மாட்டேங்குது. ஆனா நான் கறுப்பா ஆடி எடுத்தா ஒத்துக்குது."

"விதியை நீ தப்பா புரிஞ்சிருப்படா" என்றேன். என் வீட்டில் இருப்பது லினக்ஸ். அங்கே ஒரு முறைகூட அந்தத் தவறு வந்ததில்லை. அவன் விடவில்லை. "நான் வெள்ளையா ஆடி எடுக்கப் பாத்தா செல்லாத நகர்த்தல்ங்குது. கறுப்பா ஆடினா மட்டும் சரியா எடுக்க விடுது."

ஆன் பசான் தெரியாதவர்களுக்கு: எதிரியின் சிப்பாய் தன் முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் தாண்டி நம் சிப்பாயின் பக்கத்தில் வந்து நின்றால், அது ஒரு கட்டம் மட்டுமே நகர்ந்ததுபோல் பாவித்து, அடுத்த நகர்த்தலிலேயே குறுக்காக வெட்டலாம். செஸ் நிரல் எழுதுகிறவர்கள் எல்லோரையும் ஒரு முறையாவது அழவைத்த விதி இது.

நிரலின் நகர்த்தல்கள் சரியா என்று பார்க்க எங்களிடம் ஒரு பழைய சோதனை உண்டு. பெர்ஃப்ட் என்று பெயர். தொடக்க நிலையிலிருந்து விதிப்படி ஆடக்கூடிய எல்லா வரிசைகளையும் எண்ணிப் பார்ப்பது, அவ்வளவுதான். ஒரு நகர்த்தலுக்கு 20. இரண்டுக்கு 400. மூன்றுக்கு 8,902. நான்குக்கு 1,97,281. ஐந்துக்கு 48,65,609. ஒன்று கூடினாலோ குறைந்தாலோ நிரலில் பிழை. இதில் சமாளிப்புக்கே இடம் கிடையாது.

அவன் கணினியில் ஓட்டச் சொன்னேன். நான்கு எண்களும் அச்சு அசலாகச் சரி. ஐந்தாவது, 48,65,351. குறைவது 258.

தொடக்க நிலையிலிருந்து ஐந்து நகர்த்தல் ஆழத்தில் வரக்கூடிய ஆன் பசான் வெட்டுகள் மொத்தமே 258. அதற்குக் குறைந்த ஆழத்தில் ஒன்றுகூடக் கிடையாது. வெள்ளைச் சிப்பாய் ஐந்தாம் வரிசைக்கு வர இரண்டு நகர்த்தல் வேண்டும், நடுவில் கறுப்பு இரண்டு முறை ஆடியிருக்கும்; ஐந்தாவது நகர்த்தலில்தான் முதல் வெட்டே சாத்தியம். ஆக, பையன் சொன்னது சத்தியம். வெள்ளைக்கு மட்டும் ஆன் பசான் கண்ணிலேயே படவில்லை.

காரணம் ஒரே வரி. வேகத்துக்காக நான் கையால் "செதுக்கிய" வரி. வெட்டிய சிப்பாய் போய் நிற்கும் கட்டத்துக்கான பிட்டை எடுக்க, ஒன்று என்ற எண்ணைக் கட்டத்தின் எண் அளவுக்கு இடப்பக்கம் தள்ள வேண்டும். அந்த ஒன்றை நான் அன்சைன்டு லாங் என்ற எண் வகையாக எழுதியிருந்தேன். 64 பிட் லினக்ஸில் லாங் என்றால் 64 பிட். 64 பிட் விண்டோஸில் லாங் என்றால் 32 பிட் மட்டுமே. 32 பிட் எண்ணை 43 இடம் தள்ளச் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு சி என்ற நிரல் மொழி உத்தரவாதமே தருவதில்லை. அவனுடைய செயலி 43இலிருந்து 32ஐக் கழித்துவிட்டு 11 இடம் தள்ளியது. 43 என்பது டி6. 11 என்பது டி2. வெள்ளைச் சிப்பாய் டி6இல் வெட்டலாமா என்று கேட்க வேண்டிய நிரல், டி2இல் வெட்டலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தது. பின்னோக்கி எந்தச் சிப்பாய் வெட்டும்? கறுப்புக்கு வெட்டுக் கட்டங்கள் மூன்றாம் வரிசையில், 16இலிருந்து 23 வரை. 32க்குள் அடங்கிவிட்டதால் அதற்குச் சேதமில்லை.

நிரல் நின்றுபோகவில்லை, புகையும் வரவில்லை. நொடிக்கு எத்தனை நிலை என்ற கணக்கிலும் துளி குறையவில்லை. இன்னொரு கணினிக்குப் போனவுடன் சத்தமில்லாமல் ஒரு விதியை மறந்துவிட்டு, கட்டுரையாளர் மெச்சும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

இதைப் பத்து நிமிடத்தில் பிடிக்க முடிந்தது என் கெட்டிக்காரத்தனத்தால் அல்ல. முதன்முதலில் எழுதிய மந்தமான நகர்த்தல் நிரலை அழிக்காமல் வைத்திருந்தேன். பிட் வித்தை எதுவும் இல்லாத, எட்டுக்கு எட்டு அட்டவணையில் ஒவ்வொரு கட்டமாக நடந்துபோய்ப் பார்க்கும் நிரல். அதை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் படித்துவிடும். அதை அவன் கணினியில் ஓட்டினால் 48,65,609 என்று சரியாகச் சொன்னது. பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதல் நகர்த்தல் வாரியாக எங்கே கணக்கு பிரிகிறது என்று இறங்கிப் பார்த்தால் குற்றவாளி கையோடு சிக்கிவிட்டான். வேகமான நிரலுக்கு மந்தமான நிரல்தான் சாட்சி. சாட்சி சொல்வது எல்லோருக்கும் புரிய வேண்டும், எந்த ஊருக்குக் கூட்டிப்போனாலும் அதையே சொல்ல வேண்டும். கட்டுரையாளர் ஆடம்பரம் என்ற இரண்டுமே அதற்கு வேண்டியிருக்கிறது.

சரி, இது நகர்த்தல் பிழை; எண்ணிப் பார்த்தால் அகப்பட்டுவிடும். எண்ணிப் பார்த்தும் அகப்படாத பிழைகள் உண்டு, எனக்கு அவற்றின் மேல்தான் அதிக பயம்.

செஸ் நிரல் ஆழமாகத் தேடுவது, விடையை மாற்றாது என்று தெரிந்த வரிசைகளைப் பார்க்காமலே விட்டுவிடும் ஆல்ஃபா-பீட்டா என்ற உத்தியால். ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்த்தல்கள் என்று வைத்துக்கொண்டால், ஆறு நகர்த்தல் ஆழத்தில் 183 கோடிக்கு மேற்பட்ட கடைசி நிலைகள் வரும். ஒவ்வொரு இடத்திலும் சிறந்த நகர்த்தலை முதலில் பார்க்கும் அதிர்ஷ்டம் வாய்த்தால், ஆல்ஃபா-பீட்டாவுக்கு அதில் 85,749ஐப் பார்த்தாலே போதும். இருபதாயிரம் மடங்குக்கு மேல் மிச்சம். செயலியின் கட்டளைகளையே நேராக எழுதும் எந்த அசெம்பிளி மொழி இருபதாயிரம் மடங்கு வேகம் தரும்? நிஜத்தில் அந்த முழு லாபம் யாருக்கும் கிடைப்பதில்லை. சிறந்த நகர்த்தல் முன்கூட்டியே தெரிந்தால் தேடுவதே எதற்கு? ஆனால் அதை எவ்வளவு நெருங்குகிறோம் என்பது நகர்த்தல்களை எந்த வரிசையில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இங்கேதான் கண்ணி. ஆல்ஃபா-பீட்டாவில் வரிசை தப்பினாலும் விடை தப்பாது. அதே விடையை அதிக நேரம் எடுத்துச் சொல்லும், அவ்வளவுதான். எனவே விடையை மட்டும் சரிபார்க்கும் எந்தச் சோதனையும் வரிசைப் பிழையைக் காட்டிக்கொடுக்காது. என் நிரலில் அப்படி ஒன்று ஏழு மாதம் குடியிருந்தது. நகர்த்தலையும் அதற்கான மதிப்பெண்ணையும் ஒரே 32 பிட் எண்ணுக்குள் திணித்து, ஒரே ஒப்பீட்டில் வரிசைப்படுத்திவிட வேண்டும் என்று ஆசை. அப்படிச் செய்தபோது ஏறுவரிசையும் இறங்குவரிசையும் மாறிப்போயின. ராணியைச் சிப்பாயால் வெட்டுவதை முதலில் பார்க்க வேண்டிய நிரல், சிப்பாயை ராணியால் வெட்டுவதை முதலில் பார்த்தது. நொடிக்கு எத்தனை நிலை என்று சொல்லும் வேகமானி ஏழு மாதமும் நல்ல எண்ணையே காட்டியது. நானும் பெருமையாக அதைக் குறித்துவைத்தேன். தப்பான தெருவில் வண்டி நன்றாகத்தான் ஓடியது.

பிழை தெரிந்தது எப்படி? அந்தப் பகுதியை எனக்கே படிக்க முடியவில்லை என்று வெறுத்துப்போய், பிட் திணிப்பை எடுத்துவிட்டு, "பெரிய இரை முன்னால்" என்று பெயரிட்ட சின்னச் செயற்கூறாக (ஃபங்ஷன்) மாற்றி எழுத உட்கார்ந்தேன். பெயரை எழுதிவிட்டு உள்ளே பார்த்தால் பெயர் ஒன்று சொல்கிறது, வரி வேறொன்று செய்கிறது. திருத்தியதும் அதே ஆழத்தை எட்டத் தேவையான நிலைகள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கின. வருஷக்கணக்கில் வரி வரியாகச் செதுக்கி நான் சேர்த்த வேகமெல்லாம் இதன் முன்னால் தூசு.

சின்னச் சின்னச் செயற்கூறாகப் பிரித்தால் ஒவ்வொரு அழைப்புக்கும் நேரம் போகும் என்று கட்டுரையில் படித்தேன். இருபது ஆண்டுக்கு முந்தைய பயம். நாம் எழுதுவதை இயந்திர மொழிக்கு மாற்றும் இன்றைய கம்பைலர், சின்னச் செயற்கூறுகளை அழைக்கும் இடத்திலேயே விரித்துவிடும். தொகுக்கும் முன்பே எழுத்துக்கு எழுத்து விரியும் மேக்ரோ என்ற சுருக்கங்களை நான் எடுத்துவிட்டுச் செயற்கூறுகள் வைத்த பிறகு, வெளிவந்த இயந்திர மொழியை முன்னும் பின்னும் ஒப்பிட்டேன். ஒரு கட்டளைகூட மாறவில்லை.

வேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதைத் தப்பாக எடுத்துக்கொண்டு யாராவது அடுத்த வாரம் எனக்குப் பதில் எழுதுவார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். கடிகாரம் ஓடும் ஆட்டத்தில் அதிக நிலைகளைப் பார்க்கும் நிரல் ஆழமாகப் பார்க்கும். என் நிரலிலும் பார்க்கச் சகிக்காத இடங்கள் உண்டு. நிலையை மதிப்பிடும் உட்சுற்று ஒன்று. யானையும் மந்திரியும் எந்தெந்தக் கட்டத்தைத் தாக்குகின்றன என்று சொல்லும் பகுதி இன்னொன்று.

அந்த இரண்டாவது இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் எங்கெங்கே காய்கள் மறிக்கின்றன என்பதைப் பொறுத்து யானையின் வீச்சு மாறும். மறிக்கும் பிட்களை ஒரு மாய எண்ணால் பெருக்கி, அட்டவணையில் உடனே தேடி எடுக்கும் முறைக்கு மேஜிக் பிட்போர்டு என்று பெயர். இன்டெல் 2013இல் ஹாஸ்வெல் செயலியோடு பெக்ஸ்ட் என்ற கட்டளையைக் கொண்டுவந்தபோது, பெருக்கலே இல்லாமல் அதை ஒரே அடியில் செய்ய வழி கிடைத்தது. நானும் ஆசையாக மாற்றினேன். என் நிரலில் மொத்தத்தில் கிடைத்தது நூற்றுக்கு மூன்றோ நான்கோதான். பிறகு இன்னொரு கணினியில் ஓட்டினால் பழையதைவிட மந்தம்! ஏஎம்டி நிறுவனத்தின் ஜென் செயலிகளில் முதல் இரண்டு தலைமுறைகளில் அந்தக் கட்டளை இருக்கும், ஆனால் உள்ளுக்குள் பல சிறு படிகளாக உடைந்து ஆமைபோல நகரும். மூன்றாம் தலைமுறையில்தான் சரிசெய்தார்கள். "வேகமான நிரல்" என்று பொதுவாகச் சொல்லும்போது எந்தக் கணினியில் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இப்போது என் நிரலில் "யானையின் வீச்சு" என்று ஒரே ஒரு செயற்கூறு. கட்டத்தையும் பலகையையும் கொடுத்தால் விடை தரும். அதற்குப் பின்னால் மூன்று உருவங்கள்: ஒவ்வொரு கட்டமாக நடக்கும் மந்தமானது, மாயப் பெருக்கல், பெக்ஸ்ட். எதை எடுப்பது என்பது தொகுக்கும்போது முடிவாகும். மற்ற ஆறாயிரம் சொச்சம் வரிகளுக்கும் இந்த ரகசியம் தெரியாது, தெரியவும் வேண்டாம். அவலட்சணமெல்லாம் ஒரே அறைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது.

சி நிரலுக்கு நடுவிலேயே அசெம்பிளி வரிகளை எழுதும் பழைய இன்லைன் அசெம்பிளியைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் கட்டுரையாளர் அதைப் பரிந்துரைத்திருக்கிறார். 32 பிட் காலத்தில் முதல் பிட் எங்கே என்று தேட எல்லோரும் அதைத்தான் எழுதினோம். மைக்ரோசாஃப்ட்டின் கம்பைலர் 64 பிட் நிரல்களில் இன்லைன் அசெம்பிளியை ஏற்பதே இல்லை. இன்று சி++20இல் பிட் எண்ணுவதற்கும் முதல் பிட்டைத் தேடுவதற்கும் மொழியிலேயே செயற்கூறுகள் வந்துவிட்டன. செயலியில் அதற்கான கட்டளை இருந்தால் கம்பைலரே அதைப் பயன்படுத்திக்கொள்ளும். நான் ஒரு வாரம் செதுக்கியதை ஒரு சொல்லுக்கு விற்றுவிட்டேன். கொஞ்சம் வலித்தது.

ஏஆர்எம் ரகச் செயலி உள்ள ஒரு கணினிக்கு நிரலைக் கொண்டுபோன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கறுப்புக் காய்களை மைனஸ் எண்களாகக் கேரக்டர் என்ற சிறிய எண் வகையில் சேமித்திருந்தேன். என் மேசைக் கணினியில் அந்த வகைக்கு மைனஸ் உண்டு; ஏஆர்எம் லினக்ஸில் கிடையாது. மைனஸ் ஒன்று 255 ஆகிவிட்டது. தன் எதிரிக்குக் காய்களே இல்லை என்று நம்பிக்கொண்டு நிரல் ஆடியது. அந்த ஒரு நாள்தான் அது எனக்கு எதிராகத் தோற்றது.

பழைய பெரியவர்கள் பட்டதும் இதுதான். கிரே சூப்பர் கணினியில் ஓடிய கிரே ப்ளிட்ஸ் என்ற செஸ் நிரல் 1983இலும் 1986இலும் கணினிகளுக்கான உலகப் பட்டம் வென்றது. ஃபோர்ட்ரான் மொழியும் அந்த இயந்திரத்துக்கே உரிய அசெம்பிளியும் கலந்து எழுதியது. அதை எழுதியவர்களில் ஒருவரான ராபர்ட் ஹையாட் பின்னாளில் சாதாரணக் கணினிக்கு வந்தபோது, சி மொழியில் கிராஃப்டி என்று புதிதாக எழுதி மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவைத்தார். அனுபவம் கூடவே வந்தது. அசெம்பிளி அந்த இயந்திரத்தோடு நின்றுவிட்டது. ஃபேபியன் லெட்டூசி எழுதிய ஃப்ரூட் என்ற செஸ் நிரலும் அப்படித்தான். பிட்போர்டே இல்லாமல், படிப்பதற்கு அவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட நிரல். 2005இல் ரெய்க்யாவிக்கில் நடந்த கணினி உலகப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. அதன் மூலநிரலைப் படித்துக் கற்றுக்கொண்ட கூட்டத்தில் நானும் ஒருத்தி.

வேகமானியை வைத்துப் பலத்தை அளப்பவர்களுக்கு இன்னும் இரண்டு செய்திகள். கூகுளின் டீப்மைண்ட் எழுதிய ஆல்ஃபாஜீரோ என்ற நிரலைப் பற்றி 2017 டிசம்பரில் வந்த ஆய்வுத்தாளின்படி அது நொடிக்குப் பார்த்தது சுமார் 80,000 நிலைகள். அது வென்ற ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் நிரல் பார்த்தது சுமார் 7 கோடி. இரண்டும் ஓடிய கணினிகள் வேறு வேறு ரகம் என்பதால் அந்த ஒப்பீட்டில் நியாயம் இல்லை என்று அப்போதே சண்டை நடந்தது, அதில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் 2020இல் ஸ்டாக்ஃபிஷ் 12 தன் மதிப்பீட்டுக்குள், பயிற்சியால் மதிப்பிடக் கற்ற நரம்பு வலைப்பின்னலைச் சேர்த்தபோது, அதே கணினியில் நொடிக்குப் பார்க்கும் நிலைகள் குறைந்தன, ஆட்டத்தின் பலமோ கூடியது. மதிப்பீட்டுப் பகுதி தனியாக, படித்துப் புரிந்துகொள்ளும்படி பிரிந்திருக்கும் நிரலில்தான் இப்படி ஒரு மாற்று அறுவைச் சிகிச்சை செய்ய முடியும். எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பின்னி வேகம் சேர்த்திருந்தால் எங்கே கத்தி வைப்பது?

அடுத்த முறை இந்தப் பக்கத்தில் செஸ் நிரல் எழுதச் சொல்லித் தருவதானால், நொடிக்கு எத்தனை கோடி என்ற கணக்கோடு பெர்ஃப்ட் எண்களையும் சேர்த்து வெளியிடுங்கள். மேலே கொடுத்த ஐந்தோடு ஆறாவதையும் தருகிறேன்: 11,90,60,324. அச்சில் இந்த முறை ஒரு இலக்கமும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூஜ்யங்கள் இரண்டு இருக்கின்றன. எழுதிப் பார்க்கிற பிள்ளைகள் யாருக்காவது ஐந்தாவது எண்ணில் 258 குறைந்தால், எந்த வரியைத் தேடுவது என்று அவர்களுக்கு இப்போது தெரியும்.

இப்படிக்கு,
ஒரு நெடுநாள் வாசகி